கார்பன் தேயாத மோட்டார்

காலையில் சட்னி அரைக்கும் நேரம் பார்த்து வீட்டு மிக்ஸி நின்றுவிடுவது நம்மில் பலரும் கண்ட காட்சியே. பழுது பார்ப்பவர் அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டு, “கார்பன் தேய்ந்துவிட்டதம்மா” என்பார். இரண்டு சிறு கரித்துண்டுகளை மாற்றியதும் மிக்ஸி மீண்டும் சுழலும். இக்கரித்துண்டு எதற்காக? அது ஏன் தேய்கிறது? அது இல்லாமலே ஒரு மோட்டார் சுழலாதா? விஞ்ஞானக் கண்காட்சிக்காக ரேடியோ அலையால் இயங்கும் சிறு கார் ஒன்றை நாங்கள் செய்யத் தொடங்கியபோது, இக்கேள்விகளுக்கு விடை தேட வேண்டியதாயிற்று. பணம் இழந்து கற்ற பாடமும் அதில் உண்டு. கற்றதை இங்கே எழுதுகிறோம்.

கரித்துண்டின் வேலை

மின்சாரம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி அசைவதை 1820ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு விஞ்ஞானி ஆர்ஸ்டெட் கண்டறிந்தார். அடுத்த ஆண்டில் இங்கிலாந்தின் மைக்கேல் பாரடே, மின்சாரம் பாயும் கம்பியை ஒரு காந்தத்தைச் சுற்றிச் சுழலச் செய்து காட்டினார். மோட்டாரின் பிறப்பு அதுவே எனலாம்.

பொம்மைக் கார்களில் உள்ள சாதாரண மோட்டாரில் காந்தம் ஓரத்தில் அசையாமல் நிற்கும். கம்பிச் சுருள் நடுவில் சுழலும். சுருளின் வடமுனை காந்தத்தின் தென்முனையை நோக்கி இழுக்கப்படுகிறது. அங்கே சேர்ந்துவிட்டால் சுழற்சி நின்றுவிடும் அல்லவா? ஆகவே சேரும் தறுவாயில் சுருளில் பாயும் மின்சாரத்தின் திசையை மாற்ற வேண்டும். இதைச் செய்வது சுருளோடு சேர்ந்து சுழலும் செப்புப் பிளவு வளையம். அவ்வளையத்தை இருபுறமும் தொட்டுக்கொண்டு மின்சாரத்தை உள்ளே அனுப்புபவைதாம் கரித்துண்டுகள். பாடநூலில் இவற்றைத் ‘தூரிகை’ என்று படித்திருக்கிறோம். ஓயாமல் உரசுவதால் இவை தேய்கின்றன, சூடாகின்றன, பொறி பறக்கின்றன.

தூரிகையற்ற மோட்டார்

இதையே தலைகீழாக மாற்றினால் என்ன? காந்தம் சுழலட்டும், சுருள்கள் அசையாமல் நிற்கட்டும். நிற்கும் சுருளுக்கு மின்சாரம் கொடுக்கத் தூரிகை தேவையில்லை. கம்பியை நேராகவே இணைத்துவிடலாம். ஆனால் திசை மாற்றும் வேலையை யார் செய்வது? அதற்காகவே மோட்டாருக்கு வெளியே ‘கண்ட்ரோலர்’ என்னும் சிறு பெட்டி ஒன்று உண்டு. அதிலுள்ள டிரான்சிஸ்டர்கள் மூன்று கம்பிகளின் வழியே சுருள்களுக்கு முறை வைத்து மின்சாரம் அனுப்பும். கன்றுக்குட்டியின் முன்னே புல்லைக் காட்டிக்கொண்டே நடந்தால் அது பின்னாலேயே வருவதுபோல, முன்னே நகரும் காந்தப்புலத்தைத் தொடர்ந்து காந்தமும் சுழலும்.

காந்தம் இப்போது எங்கே நிற்கிறது என்று கண்ட்ரோலருக்குத் தெரிய வேண்டும். இதற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, மோட்டாருக்குள் ஹால் உணர்விகளை வைப்பது. எட்வின் ஹால் 1879இல் கண்ட விளைவே இதற்கு அடிப்படை. மற்றொன்று, மின்சாரம் பெறாமல் சும்மா இருக்கும் சுருளில் சுழற்சியால் எழும் எதிர் மின்னழுத்தத்தை அளந்து இடத்தைக் கணிப்பது. இவ்வகை விலை குறைவு. ஆனால் மோட்டார் நிற்கும்போது எதிர் மின்னழுத்தம் எழாது. ஆதலால் புறப்படும் வேளையில் கண்ட்ரோலர் கண் கட்டியதுபோல் தடுமாறும்.

இவ்வாறு டிரான்சிஸ்டர் முதலிய கருவிகளால் திசை மாற்றும் மோட்டாரைப் பற்றி அமெரிக்காவில் வில்சன், டிரிக்கி ஆகிய இருவரும் 1962இல் கட்டுரை வெளியிட்டனர். 1980களில் வலிமை மிக்க நியோடிமியம் காந்தங்கள் வந்த பிறகு, சிறிய மோட்டார்களிலும் பெரும் ஆற்றலைப் பெற முடிந்தது.

எண்களைப் படிக்கும் முறை

மோட்டாரின் மேல் 3650 என்றிருந்தால், அதன் விட்டம் 36 மில்லிமீட்டர், நீளம் 50 மில்லிமீட்டர் என்று பொருள். ‘கேவி’ என்று இன்னோர் எண்ணும் இருக்கும். இது கிலோவோல்ட் அன்று. ஒரு வோல்ட்டுக்கு, சுமை இல்லாதபோது, நிமிடத்திற்கு எத்தனை சுற்று என்பதே கேவி. 3000 கேவி மோட்டாரை 7.4 வோல்ட் பேட்டரியில் இணைத்தால் 3000 × 7.4 = 22,200 சுற்று. கேவி அதிகமானால் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. ஒரே அளவுள்ள மோட்டார்களில் கேவி கூடக்கூட, ஒவ்வோர் ஆம்பியருக்கும் கிடைக்கும் முறுக்கு விசை குறையும். கனமான காருக்குக் குறைந்த கேவியும் தக்க பல்சக்கரமுமே ஏற்றவை.

நாங்கள் செய்த பிழை

வீட்டில் கேட்டுச் சேர்த்த பணத்துடன் ரிச்சி தெருவுக்குச் சென்றோம். கார்களுக்கென்றே செய்த தூரிகையற்ற மோட்டாரின் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. சில நூறு ரூபாய்க்கு 2212 என்னும் மோட்டார் கிடைத்தது. “எதற்கம்மா இது?” என்று கடைக்காரர் கேட்டார். “மோட்டார்தானே ஐயா, எல்லாம் ஒன்றுதானே!” என்றோம். அவர் கேட்டதன் பொருள் பின்னரே விளங்கிற்று.

அது சிறு விமானங்களுக்கும் டிரோன்களுக்கும் உரியது. அதன் வெளிக்கூடே சுழலும். முன்னால் மாட்டும் இறக்கை வீசும் காற்றே அதைக் குளிர வைக்கும். காரில் இறக்கை ஏது, காற்று ஏது? மேலும், இறக்கை தொடக்கத்தில் லேசாகச் சுழலும்; காரோ முதல் நொடியிலேயே முழுப் பாரத்தையும் இழுக்கச் சொல்லும். உணர்வி இல்லாத அம்மோட்டார் நடுங்கியதே தவிர நகரவில்லை. நாங்கள் பொறுமையின்றி விசையை முழுதும் அழுத்தினோம். கண்ட்ரோலரிலிருந்து புகை வந்தது.

ஏன்? ஓம் விதியே விடை சொல்லும். சுருளின் மின்தடை 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். சுழலாத மோட்டாரில் எதிர் மின்னழுத்தம் இல்லை. ஆகவே 7.4 ÷ 0.1 = 74 ஆம்பியர் வரை பாய இடமுண்டு. எங்கள் கண்ட்ரோலர் தாங்குவதோ 30 ஆம்பியர். பத்தாம் வகுப்புக் கணக்கை முன்னரே போட்டிருந்தால் பணம் மிஞ்சியிருக்கும்.

எங்களில் ஒருத்தியின் தந்தை செங்குன்றத்து அரிசி ஆலையில் மின்பணி செய்பவர். மூன்று கம்பிகளைக் கண்டதும், “இது நம்ம ஆலையில இருக்கிற த்ரீ பேஸ் மோட்டாருக்குத் தம்பி மாதிரிதான், ரெண்டு ஒயரை மாத்திப் போட்டா எதிர்ப் பக்கம் சுத்தும்” என்றார். உணர்வி இல்லாத மோட்டாருக்கு அது முற்றிலும் உண்மை. உணர்வி உள்ளதில் மட்டும் அவ்வாறு மாற்றலாகாது. எண்ணெயும் தவிடும் படிந்த கைகளில் எத்துணை அறிவு இருக்கிறது என்று வியந்தோம்.

வாங்குவோர் நினைவில் கொள்ள வேண்டியவை

முதன்முதலாகச் செய்பவர்களுக்குத் தூரிகை மோட்டாரே போதும். விலை மலிவு, மெதுவாகப் புறப்படும், பிழையைப் பொறுத்துக்கொள்ளும். தூரிகையற்றதுதான் வேண்டுமெனில், காருக்கென்று செய்ததையும் அதற்கேற்ற கண்ட்ரோலரையும் சேர்த்தே வாங்க வேண்டும். கண்ட்ரோலர் தாங்கும் ஆம்பியர், மோட்டார் இழுப்பதைவிட அதிகமாக இருத்தல் நலம். ஏரிப்பக்கத்து மண்ணில் ஓட்டினால், தூரிகை இல்லாவிடினும் பேரிங்கில் தூசி புகும். துடைத்து வைக்க வேண்டும். லித்தியம் பேட்டரி ஓர் அறைக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக் கூடாது. 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் கூடாது. உப்பிய பேட்டரியைத் தொடவே வேண்டாம். பெரியவர் அருகில் இல்லாமல் சார்ஜ் செய்யலாகாது.

இது விளையாட்டுப் பொருள் மட்டுமன்று. கூரையில் சுழலும் புதுவகை மின்விசிறிகளில் இருப்பதும் தூரிகையற்ற மோட்டார்தான். பழைய விசிறியிலும் தூரிகை கிடையாது. ஆனால் அதில் நிலைக்காந்தம் இல்லாததால் மின்சாரம் வீணாகும். பழையது சுமார் 75 வாட் எடுத்தால் புதியது சுமார் 30 வாட்டே எடுக்கும். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் மாதம் 13.5 யூனிட் மிச்சம். நமக்கு அருகே திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் பெட்ரோலில் உறுமிப் பிறந்தன. இன்று, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள் 2013இல் தொடங்கிய ஏதர் நிறுவனம் ஓசூரில் மின்சார ஸ்கூட்டர்களைச் செய்கிறது. அவற்றை ஓட்டுவதும் இக்குடும்பத்து மோட்டாரே.

மீதிப் பணத்தில் நாங்கள் ஒரு தூரிகை மோட்டாரை வாங்கி மாட்டினோம். கார் ஓடியது. எரிந்த கண்ட்ரோலரை மறைத்துவிட எண்ணினோம். எங்கள் விஞ்ஞான ஆசிரியையான அருட்சகோதரியோ, “அதையும் மேசையில் வையுங்கள், ஏன் எரிந்தது என்று எழுதி வையுங்கள்” என்றார். கண்காட்சியில் ஓடிய காரைவிட, எரிந்த பெட்டியின் முன்தான் கூட்டம் அதிகம் நின்றது. “பெண்பிள்ளைகளுக்கு மோட்டார் எதற்கு?” என்று கேட்டவர்களும் நின்று கணக்கைப் படித்தார்கள்.

கோபுரம் கட்டும்முன் செலவை எண்ணிப் பார்த்த மனிதனின் உவமையை நாம் மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறோம். மலிவு வேறு, சிக்கனம் வேறு. அறிந்து வாங்குவதே சிக்கனம். அடுத்த ஆண்டு தூரிகையற்ற மோட்டாருடன் வருவோம். முதலில் கணக்கைப் போட்டுக்கொண்டு!