'வித்தவுட் பிரிஜுடிஸ்': எழுத வேண்டிய இடமும் எழுதலாகாத இடமும்

சங்கங்களின் கடிதக் கோப்புகளைப் பார்வையிடும்பொழுது, 'வித்தவுட் பிரிஜுடிஸ்' என்னும் ஆங்கிலச் சொற்றொடரைப் பல கடிதங்களின் தலைப்பில் காண்கிறோம். பாக்கி கேட்கும் கடிதத்திலும் அது உண்டு. சரக்கு வந்து சேர்ந்ததை அறிவிக்கும் கடிதத்திலும் உண்டு. மரியாதை வாசகம் என்று எண்ணி எழுதுகிறார்கள் போலும். அது மரியாதை வாசகமன்று, சட்ட வாசகம்.

'பிரிஜுடிஸ்' என்பதற்குக் காழ்ப்பு என்றும் ஒரு பொருள் உண்டு. ஆதலால் 'மனத்தில் பகையின்றி எழுதுகிறோம்' என்று கொள்வாரும் உளர். அது பிழை. இங்கு அச்சொல் உரிமைக்கு நேரும் கேட்டைக் குறிக்கும். 'எங்கள் உரிமைக்குப் பாதகமின்றி' என்பதே சரியான பொருள்.

இதன் பயன் இரண்டு. முதலாவது, சமரசம். நெசவாளர் சங்கமொன்று ரூ.10,000 பெறுமான சேலைகளை ஒரு வியாபாரிக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். சாயம் போயிற்று என்று அவர் பணம் தர மறுக்கிறார். 'ரூ.8,000 தந்தால் முடித்துக்கொள்வோம்' என்று சங்கம் எழுதுகிறது. சமரசம் முறிந்தால், 'சங்கமே ரூ.8,000 போதுமென்றதே' என்று அவர் நீதிமன்றத்தில் அக்கடிதத்தைக் காட்டலாம். அதைத் தடுக்கவே இத்தலைப்பு. சாட்சியமாகக் காட்டலாகாது என்ற நிபந்தனையோடு செய்த ஒப்புதலைச் சிவில் வழக்கில் ஏற்பதில்லை என்பது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. 1-7-2024 முதல் அமலிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்தில் இதுவே 21ஆம் பிரிவு.

இரண்டாவது, பகுதித் தொகை பெறுதல். பருத்தி விளைவிப்போர் சங்கத்துக்கு, ஈரப்பதத்தைக் காரணம் காட்டி ஆலை விலையைக் குறைத்து அனுப்பினால், 'மீதியைக் கோரும் எங்கள் உரிமைக்குப் பாதகமின்றிப் பெற்றுக்கொண்டோம்' என்று ரசீதில் எழுதுக.

பாக்கி கேட்கும் கடிதத்தில் மட்டும் இதை எழுதலாகாது. பின்னர் நீதிமன்றத்தில் காட்ட வேண்டிய கடிதம் அதுவேயன்றோ! சமரசப் பேச்சே இல்லாதபோது தலைப்பு மட்டும் காப்பாகாது என்பதையும் மறவற்க.

எதிர்த்தரப்பார் இத்தலைப்பிட்டு, 'பணம் தருகிறோம்' என்று எழுதினாலும் எச்சரிக்கை தேவை. தவணை குறிக்காமல் விற்ற சரக்கின் விலைக்கு வழக்கிட, ஒப்படைத்த நாளிலிருந்து 3 ஆண்டுகளே காலவரம்பு. அதற்குள் கடன்பட்டவர் கையொப்பமிட்டு எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டால், 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி புதுக் காலவரம்பு தொடங்கும். ஆனால் சமரசக் கடிதத்தை மட்டும் நம்பிக் காலத்தைக் கழித்தால், அதைக் காட்ட முடியாமற் போய், அங்கத்தினர்களின் உழைப்புக்குரிய பணம் கைவிட்டுப் போகக்கூடும். தலைப்பில்லாத ஒப்புதல் கடிதமொன்றைத் தனியே பெறுவதே விவேகம்.

சட்டம் ஆங்கிலச் சொல்லைக் கட்டாயமாக்கவில்லை. 'இது சமரசத்தின் பொருட்டு எழுதப்படுகிறது. வழக்கில் சாட்சியமாகக் காட்டலாகாது' என்று தமிழில் தெளிவாக எழுதினாலும் போதும். பொருளறியாத ஆங்கிலத்தினும் பொருளறிந்த தமிழே சங்கத்துக்குக் காவல்.