கோலி அடைத்த போத்தல்

நாம் கடையில் வாங்கும் பானப் போத்தல்களுக்கு மூடி வெளியே இருக்கும். மூடியைத் தன் கழுத்துக்குள்ளேயே வைத்திருக்கும் போத்தல் ஒன்று உண்டு. ஒரு கண்ணாடிக் கோலியே அதன் மூடி. அதில் அடைத்து விற்கும் பானத்தைத் தமிழ்நாட்டில் 'கோலி சோடா' என்றே அழைப்பர்.

சோடாவுக்கு நுரையைத் தருவது அதனுள் அழுத்திக் கரைக்கப்பட்ட கரியமில வாயுவாகும். அவ்வாயு எப்போதும் வெளியேறவே முயலும். முன்னாளில் இங்கிலாந்தில் போத்தல்களைத் தக்கையால் அடைத்தனர். தக்கை உலர்ந்தால் சுருங்கும், வாயு நழுவிவிடும். தக்கை நனைந்தே இருக்கும்பொருட்டு, நிற்கவே இயலாத முட்டை வடிவப் போத்தல்களைச் செய்து படுக்க வைத்தனர். வேடிக்கைதான்!

இத்தொல்லைக்கு வேறு வழி கண்டவர் ஹைரம் காட் என்னும் ஆங்கிலப் பொறியாளர். 1872ஆம் ஆண்டில் அவர் தம் போத்தலுக்குக் காப்புரிமை பெற்றார். போத்தலின் வாயினுள் ஓர் இரப்பர் வளையம். கழுத்தினுள் ஒரு கோலி. சோடாவை நிரப்பியதும் போத்தலைத் தலைகீழாகப் பிடிப்பர். கோலி வாய்ப்பக்கம் விழும். நிமிர்த்திய பின்னும் அது கீழே இறங்காது. உள்ளிருக்கும் வாயு அதனை வளையத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். தப்பியோட முயலும் வாயுவே கதவைச் சாத்துகிறது! மாணவர்களே, இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள்.

கண்ணாடியோடு கண்ணாடி எவ்வளவு நெருங்கினும் இடையே வாயு கசியும். அதைத் தடுப்பது இரப்பரின் நெகிழ்ச்சியே. பால்மரம் வெட்டிய குடும்பத்தார்க்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை. எனினும் காட் காப்புரிமை பெற்ற நாளில் மலாயாவில் இரப்பர்த் தோட்டமே கிடையாது. 1877இல்தான் 22 இரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்தடைந்தன.

பருக விரும்புவோர் கோலியை உள்ளே அழுத்த வேண்டும். கழுத்தின் இடுக்கு அதனை அடிவரை விழாமல் தாங்கும். ஊற்றும்போது கோலி உருண்டு வந்து மீண்டும் வாயை அடைத்துவிடாதா? அதற்காகவே கழுத்தின் ஒரு பக்கத்தில் உள்நோக்கி அமுங்கிய இரு குழிவுகள் உள்ளன. அப்பக்கம் கீழாக இருக்கும்படி சாய்த்தால் கோலி அங்கேயே தங்கிவிடும்.

காட் போத்தலுக்கு வந்த பகை சிறுவர்களே. கோலிக்காகப் போத்தல்களை உடைத்தனர். காலிப் போத்தலைத் திரும்பப் பெற்றுக் கழுவி நிரப்பும் சோடாக்காரருக்கோ அது பெருநட்டம். ஒரு கோலியாட்டத்திற்கு ஒரு போத்தல் போயிற்று!

1892இல் வில்லியம் பெயிண்டர் என்னும் அமெரிக்கர் தகர மூடிக்குக் காப்புரிமை பெற்றார். மலிவான அம்மூடி பரவவே, மேல்நாடுகளில் கோலிப் போத்தல் மெல்ல மறைந்தது. ஜப்பானில் 'ராமுனே' என்னும் பானம் இன்றும் கோலியுடனேயே விற்கப்படுகிறது. 'லெமனேட்' என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபே அப்பெயர். அப்போத்தல்கள் பலவற்றின் வாய்ப்பகுதியைத் திருகிக் கழற்றலாம். கோலி வேண்டும் பிள்ளைகள் போத்தலை உடைக்க வேண்டியதில்லை.