எக்கோ நன்றாக இருந்தால் பக்கவாதம் வராதா?

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் சீரற்ற இதயத்துடிப்பில் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகின்றன. இடது மேலறையில் தேங்கும் ரத்தம் உறைந்து கட்டியாகி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து ஏறத்தாழ 5 மடங்கு கூடுகிறது. ஆபத்தைக் கணிப்பதில் எக்கோ என்னும் இதய ஒலிப்படத்தின் பங்கு பற்றிச் சில தவறான நம்பிக்கைகள் நிலவுகின்றன.

நம்பிக்கை: ‘பம்பிங்’ 60 சதவீதம் இருந்தால் பயமில்லை.

உண்மை: அந்த எண் இடது கீழறையின் திறனைச் சொல்வது. கட்டி உருவாவதோ மேலறையில். அதற்கான அளவுகள் வேறு. உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 34 மில்லிலிட்டருக்கு மேல் கொள்ளளவு இருந்தால் மேலறை விரிந்துவிட்டது என்று பொருள். ‘ஸ்ட்ரெயின்’ என்பது மேலறைச் சுவர் நீண்டு கொடுக்கும் திறன். அறை பெரிதாவதற்கு முன்பே இது குறையக்கூடும்.

நம்பிக்கை: எக்கோவில் கட்டி தெரியாவிட்டால் கட்டி இல்லை.

உண்மை: வால்வு நோய் இல்லாதவர்களிடம் சுமார் 90 சதவீதக் கட்டிகள் இடது மேலறையை ஒட்டிய சிறு பையில்தான் உருவாகின்றன. மார்பின் மேல் கருவியை வைத்து எடுக்கும் எக்கோவில் அந்தப் பை தெளிவாகத் தெரிவதில்லை. உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோவில் தெரியும். பையிலிருந்து ரத்தம் வெளியேறும் வேகம் வினாடிக்கு 20 செ.மீ.க்கும் குறைந்தால் கட்டி உருவாகும் வாய்ப்பு அதிகம். இன்று கட்டி இல்லை என்பது நாளைக்கான உத்தரவாதமும் அல்ல.

நம்பிக்கை: மேலறை இயல்பாக இருந்தால் ரத்த உறைவுத் தடுப்பு மருந்து வேண்டாம்.

உண்மை: மருந்தை முடிவு செய்ய 2010 முதல் பரவலாகப் பயன்படுவது ‘சாட்ஸ்-வாஸ்க்’ புள்ளிக்கணக்கு. வயது, ரத்த அழுத்தம், நீரிழிவு, இதயச் செயலிழப்பு, ரத்தநாள நோய், முன்பு வந்த பக்கவாதம் ஆகியவை இதில் அடங்கும். வயது 75 அல்லது அதற்கு மேல் என்றால் 2 புள்ளி, முன்பு பக்கவாதம் வந்திருந்தாலும் 2 புள்ளி. மேலறை அளவுகளுக்கு இதில் இடமில்லை. புள்ளி அதிகமுள்ளவருக்கு மேலறை இயல்பாக இருந்தாலும் மருந்து தேவை. புள்ளி இரண்டுங்கெட்டானாக நிற்கும்போது இந்த அளவுகள் மருத்துவருக்குத் துணை செய்யலாம்.

நம்பிக்கை: புள்ளி குறைவென்றால் எவருக்கும் மருந்து தேவையில்லை.

உண்மை: வாதக்காய்ச்சலால் மைட்ரல் வால்வு மிதமாகவோ கடுமையாகவோ சுருங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அந்தச் சுருக்கத்தைக் காட்டும் எக்கோவே மருந்து தேவை என்பதை உறுதிசெய்துவிடும். புதிய உறைவுத் தடுப்பு மாத்திரைகளைவிட வார்ஃபரின் வகை மருந்துகளே இவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுகின்றன.