உடம்பு இளைக்குது, மாத்திரை அளவு அப்படியே இருக்கலாமா?

நலவாழ்வுப் பாடம்: குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டு விவாதிக்க



எடை குறைக்கும் ஆபரேஷன் என்றால் சினிமாக்காரங்களுக்கும் பணக்காரங்களுக்கும் உள்ள விஷயம் என்று ஒரு காலத்தில் நினைத்தோம். இன்றைக்கு நம்ம டெல்டா கிராமங்களிலிருந்தும் திருச்சி, கோயம்புத்தூர், சென்னை என்று போய் செய்துகொண்டு வருகிறார்கள். அவர்களில் சிலர் ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் சர்க்கரை மாத்திரையைக் குறைக்கலாமா, பிரஷர் மாத்திரையை நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேட்கிறோம். தைராய்டு மாத்திரையைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. "அது ஆயுசுக்கும் சாப்பிடுறது, அதுல மாத்த என்ன இருக்கு?" என்ற நினைப்பு. மாத்திரை ஆயுசுக்கும் இருக்கலாம். ஆனால் அளவு ஆயுசுக்கும் ஒன்றாகவே இருக்காது. இந்த மாதப் பாடம் இதுதான்.

முதலில் அடிப்படை

கழுத்தின் முன்பக்கம் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருப்பது தைராய்டு சுரப்பி. அது சுரக்கும் தைராக்சின்தான் உடம்பு எவ்வளவு வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதை நிர்ணயிக்கிறது. சுரப்பு குறைந்தவர்களுக்கும், சுரப்பியையே ஆபரேஷனில் எடுத்தவர்களுக்கும் அதே தைராக்சினை மாத்திரையாகத் தருகிறார்கள். தைரோநார்ம், எல்ட்ராக்சின் என்று நாம் வாங்குவது இதைத்தான். டப்பாவின் மேல் 25, 50, 75, 100 என்று போட்டிருப்பது மைக்ரோகிராம் அளவு. ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம். அவ்வளவு நுணுக்கமான மருந்து என்பதால் சிறிய மாற்றம்கூட உடம்பில் தெரியும்.

எடை குறைக்கும் ஆபரேஷனில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்று, இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, மீதியைக் குழாய் போல ஆக்குவது. இதை ஸ்லீவ் என்பார்கள். மற்றொன்று, இரைப்பையில் சின்னப் பை மாதிரி ஒரு பகுதியை மட்டும் வைத்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைப்பது. இது பைபாஸ். இரண்டிலும் முதல் ஆறு மாதம் எடை வேகமாக இறங்கும். ஒரு வருடம், ஒன்றரை வருடம் வரைக்கும்கூடக் குறைந்துகொண்டே வரும்.

ஏன் அளவு மாறுகிறது?

டாக்டர் தைராய்டு மாத்திரையின் அளவை முடிவு செய்யும்போது நம் எடையையும் கணக்கில் வைக்கிறார். சுரப்பி அறவே வேலை செய்யாதவருக்குக் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் என்பது பொதுவான கணக்கு. சுரப்பி ஓரளவு வேலை செய்தால் அதைவிடக் குறைவாகவே போதும்.

அஞ்சு மா நிலத்துக்குத் திறந்துவிட்ட தண்ணீரை மூணு மாவுக்குள்ளேயே விட்டால் என்ன ஆகும்? வடிய வழியில்லாமல் நின்று வேர் அழுகும். 105 கிலோ உடம்புக்கு எழுதிக் கொடுத்த அளவை 75 கிலோ உடம்பு தொடர்ந்து வாங்கிக்கொண்டிருந்தால் அதே கதைதான். மருந்து மிச்சமாகி உடம்பை விரட்டத் தொடங்கும்.

ஆனால் எல்லோருக்கும் குறையும் என்று சொல்ல முடியாது. தைராய்டு மாத்திரை சரியாக உடம்பில் சேர இரைப்பையில் அமிலம் வேண்டும், குடல் உறிஞ்ச வேண்டும். ஆபரேஷனில் இந்தப் பாதையே மாறிவிடுவதால் சிலருக்கு மாத்திரை முழுசாகச் சேராது. அவர்களுக்கு அளவைக் கூட்ட வேண்டியும் வரலாம். அதனால் "பக்கத்து வீட்டு அக்காவுக்குக் குறைச்சாங்க, நானும் குறைச்சுக்கறேன்" என்பது ஆபத்து. கிலோவை வைத்து வீட்டிலேயே கணக்குப் போடுவதும் கூடாது.

எப்படித் தெரிந்துகொள்வது?

மருந்து அதிகமானால்: நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, அதிக வியர்வை, அடிக்கடி வயிறு போவது, எரிச்சல், மாதவிடாய் குறைவது. கவனிக்காமல் விட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயும்.

மருந்து குறைந்தால்: சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, தோல் வறட்சி, முகம் உப்புவது, மாதவிடாயில் அதிகப் போக்கு, எடை இறங்காமல் நின்றுவிடுவது.

சிக்கல் என்னவென்றால், சோர்வும் முடி கொட்டுவதும் ஆபரேஷனுக்குப் பிறகு சாதாரணமாகவே வரும். பாபநாசம் பக்கத்துச் சகோதரி ஒருவருக்கு ஆபரேஷன் ஆகி ஏழு மாதத்தில் 30 கிலோ குறைந்தது. படி ஏறினாலே படபடப்பு, ராத்திரி தூக்கமில்லை. வீட்டில் எல்லோரும் "சாப்பாடு கம்மியாயிடுச்சு, அந்தப் பலவீனம்தான்" என்று கஞ்சியும் டானிக்கும் கொடுத்தார்கள். இரத்தம் எடுத்துப் பார்த்தபோதுதான் தைராய்டு மருந்து அதிகமாக இருப்பது தெரிந்தது. டாக்டர் அளவைப் படிப்படியாகக் குறைத்தார். இரண்டு மாதத்தில் தூக்கம் வந்தது. பலவீனம் எதனால் என்று பார்த்ததும் சொல்லிவிட முடியாது. இரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

டி.எஸ்.எச். என்ன சொல்கிறது?

டி.எஸ்.எச். என்பது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் உத்தரவு. அது ஒரு மேஸ்திரி மாதிரி. வேலை நடக்காவிட்டால் சத்தம் கூடும், வேலை அளவுக்கு மேல் நடந்தால் சத்தம் அடங்கிவிடும். அதனால் டி.எஸ்.எச். உயர்ந்தால் தைராக்சின் போதவில்லை என்றும், மிகவும் தாழ்ந்தால் மருந்து அதிகம் என்றும் பொருள். பெரும்பாலான பரிசோதனைக் கூடங்களில் சுமார் 0.4 முதல் 4 வரை சரியான அளவு என்று வைத்திருப்பார்கள்.

அளவை மாற்றினால் மறுவாரமே பரிசோதிப்பதில் பயனில்லை. புது அளவு உடம்பில் நிலைப்பட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். ஆபரேஷன் ஆன முதல் வருடத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பது பொதுவான வழக்கம். உங்களுக்கு எப்போது என்பதை டாக்டரிடம் கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள்.

பரிசோதனைக்கு முன் இரண்டு விஷயம்:

1. அன்று காலை மாத்திரையை இரத்தம் கொடுத்த பிறகு சாப்பிடுங்கள்.

2. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி, குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டுப் போங்கள். பயோட்டின் இரத்தத்தில் இருந்தால் மருந்து அதிகமாக இருப்பது போலப் பொய்க் கணக்கு வரும். ஆபரேஷனுக்குப் பிறகு தரும் சத்து மாத்திரைகளிலும் பயோட்டின் இருக்கலாம்.

மாத்திரை சாப்பிடும் முறை

காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் சாப்பிட வேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி, டீ. நடவுக்குக் கிளம்பும் அவசரத்தில் மாத்திரையும் காபியும் ஒரே மடக்கில் போகக் கூடாது. மருந்து உடம்பில் சேராது.

ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள் எழுதிக் கொடுப்பார்கள். இவை தைராய்டு மாத்திரையை உறிஞ்ச விடாது. இரண்டுக்கும் நடுவில் நாலு மணி நேரம் இருக்கட்டும். தைராய்டு காலை 5 மணி, இரும்புச்சத்து மதியம், கால்சியம் ராத்திரி என்று பிரித்துக்கொள்ளலாம். "கேஸ் மாத்திரை" எடுப்பவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

செய்யக் கூடாதவை

"இளைச்சாச்சு, இனி தைராய்டு இல்லை" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். உடல் பருமனால் மட்டும் டி.எஸ்.எச். லேசாக உயர்ந்திருந்தவர்களுக்கு டாக்டரே நிறுத்தச் சொல்லலாம். சுரப்பியை எடுத்தவர்களுக்கு அது ஒருநாளும் பொருந்தாது.

"கூட சாப்பிட்டா இன்னும் சீக்கிரம் இளைக்கும்" என்று கூட்டாதீர்கள். இது மெலிவதற்கான மருந்து இல்லை. அப்படிச் சாப்பிட்டால் கரைவது கொழுப்பு மட்டுமில்லை, எலும்பும் சதையும்தான். இதயமும் கெடும்.

ஆபரேஷன் ஆகி ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை கர்ப்பம் தரிக்காமல் இருப்பது நல்லது. எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும் என்பதை மறக்க வேண்டாம். பைபாஸ் செய்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போகலாம், எனவே வேறு முறை பற்றி டாக்டரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேளுங்கள். கர்ப்பம் உறுதியானால் அன்றே தைராய்டு டாக்டருக்குச் சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் மாத்திரைத் தேவை கூடும், குழந்தையின் மூளை வளர்ச்சி இதைச் சார்ந்தது.

குழுவின் பொறுப்பு என்ன?

ஆபரேஷனுக்குக் கடன் கேட்டு ஒரு உறுப்பினர் வந்தால் ஆஸ்பத்திரி பில்லை மட்டும் பார்த்துத் தீர்மானம் போடாதீர்கள். அதற்குப் பிந்தைய இரண்டு வருடத்துக்கு சத்து மாத்திரை, இரத்தப் பரிசோதனை, பஸ் செலவு, வேலைக்குப் போகாத நாட்கள் எல்லாம் உண்டு. ஆபரேஷனுக்கே கடன் தீர்ந்துபோனால் முதலில் நிற்பது பரிசோதனைதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எது வரும், எது வராது என்று முன்பே விசாரிக்கச் சொல்லுங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பரிசோதனை பற்றிக் கேட்டு வைக்கலாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் பெண் தன்னார்வலர்கள் நம் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். சர்க்கரையும் பிரஷரும் பார்க்க வரும்போது, ஆபரேஷன் ஆன விவரத்தையும் தைராய்டு மாத்திரையின் அளவையும் அவர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்? கடைசியாக எப்போது இரத்தம் பார்த்தார்கள்?

2. அவர்களில் யாருக்காவது சமீபத்தில் எடை அதிகமாகக் கூடியதா, குறைந்ததா?

3. மாத்திரையையும் காபியையும் எவ்வளவு இடைவெளியில் சாப்பிடுகிறோம்?

4. மருத்துவக் கடனில் பரிசோதனைச் செலவுக்கென்று ஒரு பகுதியைத் தனியாக ஒதுக்கலாமா?

நான்காவது கேள்விக்கு முடிவு எடுத்தால் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு ஊக்குநர் கொண்டு வாருங்கள்.