சைக்கிளை ஓட்டத்திலேயே வைத்திருங்கள்

1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல் தவித்த யாழ் குடாநாட்டைச் சுமந்தது சைக்கிள்தான். 2022 எரிபொருள் நெருக்கடியிலும் மூலையில் கிடந்தவற்றைத் தூசி தட்டி எடுத்தோம். தட்டுப்பாடு வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? மேடுபள்ளம் இல்லாத ஊர் இது. சுன்னாகத்திலிருந்து யாழ் நகரம் சுமார் 10 கிலோமீட்டர். ஆறுதலாக மிதித்தாலும் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடலாம். காசும் மிச்சம், நெஞ்சுக்கும் நல்லது.

இங்கே சைக்கிளின் பெரிய எதிரி உப்புக்காற்று. வாரத்தில் ஒருநாள் செயினைப் பழந்துணியால் துடையுங்கள். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றியபடி, தையல் மெசின் எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டாக விடுங்கள். மேலே வழிவதைத் துடைத்துவிட வேண்டும், இல்லையேல் மண் ஒட்டும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசினாகிவிடும்.

சோளகக் காலத்தில் பண்ணைப் பாலத்தால் தீவகம் போகிறவர்கள் காற்று எழும்புமுன், விடியவே புறப்படுங்கள். திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளும்.

ஒழுங்கையில் நெருஞ்சி முள் குத்திவிட்டதா? ரியூப்பை ஒட்டியதும் பூட்டிவிடாதீர்கள். ரயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். முறிந்த முள் அங்கேயே இருந்தால் மறுபடியும் குத்தும்.

மாரி மழையில் றிம் நனைந்தால் பிறேக் பிடிக்கத் தாமதமாகும். சந்திக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். இருட்டினால் முன் லைற்றும் பின்னால் சிவப்பு ஒளியும் கட்டாயம்.