கையில் ஒரு வழித்தாள்

இது ஒரு கதை. இதில் வரும் குடும்பம் கற்பனைக் குடும்பம். ஊர்களும் ரயில்களும் உண்மையானவை.

செல்விக்கு ஜோலார்பேட்டை பக்கம் ஒரு கிராமம். அவள் பீடி சுற்றுகிறாள். கணவன் குமார் கொத்தனார் வேலை செய்கிறான். மகன் கதிருக்குப் பத்து வயது. மகள் மலருக்கு இரண்டு வயது. மாமியார் பொன்னம்மாளும் அவர்களோடு இருக்கிறார்.

செல்வி சின்ன வயதில் பள்ளிக்கூடம் போனதில்லை. முப்பது வயதில்தான் கற்போர் மையத்தில் சேர்ந்தாள். இப்போது எழுத்துக் கூட்டிப் படிப்பாள். கையால் எழுதவும் செய்வாள்.

அவளுடைய அண்ணன் பெங்களூரில் வேலை செய்கிறார். வைட்ஃபீல்ட் பக்கம், காடுகோடியில் வீடு. கோடை விடுமுறை வந்தது. அண்ணன் போன் செய்தார்.

"பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வாம்மா. லால்பாக் பார்க்கலாம்" என்றார்.

கதிர் துள்ளிக் குதித்தான். பொன்னம்மாள் மட்டும் தலையை ஆட்டினார்.

"அவ்வளவு பெரிய ஊரு. கூட்டத்துல பிள்ளை கையை விட்டா என்ன ஆகும்? பேச்சும் வேற, எழுத்தும் வேற. வேண்டாம் செல்வி."

செல்வி யோசித்தாள். மாமியாரின் பயம் நியாயமானதுதான்.

"பயம் இருக்கட்டும் அத்தை. அதுக்காகப் போகாம இருக்க வேண்டாம். நல்லா விசாரிச்சு, எழுதி வச்சுக்கிட்டுப் போகலாம்" என்றாள்.

அன்று இரவே நோட்டையும் பேனாவையும் எடுத்தாள். அண்ணனிடம் போனில் கேட்டுக் கேட்டு எழுதினாள்.

எங்கே இறங்குவது?

வைட்ஃபீல்டில் ஒரு ரயில் நிலையம் உண்டு. ஜோலார்பேட்டையிலிருந்து குப்பம், பங்காரப்பேட்டை, மாலூர் வழியாக வரும் ரயில் பாதை அது. ஆனால் பெங்களூர் போகும் எல்லா ரயிலும் வைட்ஃபீல்டில் நிற்காது. அதனால் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். 139 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் ரயில் விவரம் சொல்வார்கள்.

வைட்ஃபீல்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே மெட்ரோ நிலையமும் இருக்கிறது. அதன் பெயர் வைட்ஃபீல்ட் காடுகோடி.

மெட்ரோ என்றால் என்ன?

மெட்ரோ நகரத்துக்குள் ஓடும் ரயில். சில இடங்களில் பாலத்தின் மேல் ஓடும். சில இடங்களில் பூமிக்கு அடியில் ஓடும். இந்தியாவில் முதல் மெட்ரோ 1984-இல் கொல்கத்தாவில் ஓடியது. பெங்களூரில் 2011 அக்டோபரில் தொடங்கியது. வைட்ஃபீல்டுக்கு 2023 மார்ச் மாதம் வந்தது. அப்போது அது கிருஷ்ணராஜபுரம் வரைதான் ஓடியது. 2023 அக்டோபரில் இடைவெளி இணைந்தது. அதன்பின் வைட்ஃபீல்டில் ஏறினால் மெஜஸ்டிக்கில் இறங்கலாம் என்று ஆனது. நடுவில் மாற வேண்டியதில்லை. சாலை நெரிசலிலும் சிக்க வேண்டாம்.

பஸ்ஸிலும் போகலாம். 2023 ஜூன் 11 முதல் கர்நாடகப் பெண்களுக்குச் சாதாரண அரசு பஸ்களில் கட்டணம் இல்லை என்று ஆக்கினார்கள். கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை காட்ட வேண்டும். அண்ணியிடம் அந்த அட்டை உண்டு. செல்வி தமிழ்நாட்டுக்காரி. அதனால் அவள் பஸ்ஸில் சீட்டு வாங்கத்தான் வேண்டும்.

செல்வி எழுதிய தாள்

மெட்ரோ நிலையப் பலகைகளில் கன்னடமும் ஆங்கிலமும் இருக்கும். தமிழ் இருக்காது. அதனால் செல்வி வழியைத் தமிழில் எழுதிக்கொண்டாள்.

ஏறும் இடம்: வைட்ஃபீல்ட் காடுகோடி.
ஊதாப் பாதை. சல்லகட்டா பக்கம் போகும் ரயில்.
22-வது நிலையம் மெஜஸ்டிக். அங்கே இறங்க வேண்டும்.
பச்சைப் பாதைக்கு மாற வேண்டும். சில்க் இன்ஸ்டிட்யூட் பக்கம் போகும் ரயில்.
4-வது நிலையம் லால்பாக்.

நிறத்தைப் பார்க்க எந்த மொழியும் வேண்டாம். நிலையங்களை எண்ணவும் எந்த மொழியும் வேண்டாம். செல்விக்குப் பாதி பயம் போய்விட்டது.

அண்ணன் ஒரே நாளில் ஐந்து இடம் பார்க்கலாம் என்றார். செல்வி ஒப்புக்கொள்ளவில்லை. "அத்தைக்குக் கால் வலி. மலர் சின்னக் குழந்தை. ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும் அண்ணா" என்றாள்.

பிறகு கதிருக்கு ஒரு சின்னத் தாள் எழுதினாள். அவன் பெயர், அம்மா பெயர், அம்மாவின் போன் எண், மாமாவின் போன் எண். அதைச் சட்டைப் பைக்குள் வைத்தாள்.

"இதை எல்லாருக்கும் காட்டக் கூடாது. சீருடை போட்ட நிலையக்காரருக்கும் போலீசுக்கும் மட்டும் காட்டு" என்றாள்.

பொன்னம்மாளுக்கும் ஒரு தாள் எழுதினாள். அவர் வாங்கவில்லை. "எனக்கு எதுக்கு? நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றார்.

குடும்பத்தின் விதி

புறப்படும் முன் எல்லாரும் உட்கார்ந்து பேசினார்கள். இரண்டு விதிகள் செய்தார்கள்.

ஒன்று: பிளாட்பாரத்தில் பிரிந்துவிட்டால், நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். தேடிக்கொண்டு ஓடக் கூடாது.

இரண்டு: யாராவது தனியாக ரயிலுக்குள் மாட்டிக்கொண்டால், அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். மற்றவர்கள் அடுத்த ரயிலில் வருவார்கள்.

கதிர் இரண்டையும் மூன்று முறை திருப்பிச் சொன்னான்.

அண்ணன் வேறு ஓர் எச்சரிக்கை சொன்னார். மெட்ரோ தண்டவாளத்தின் ஓரத்தில் இன்னொரு கம்பி ஓடும். அதில் 750 வோல்ட் மின்சாரம் பாயும். செருப்பு விழுந்தாலும், போன் விழுந்தாலும் கீழே இறங்கக் கூடாது. நிலையக்காரரிடம் சொல்ல வேண்டும். அவர்கள் எடுத்துத் தருவார்கள்.

அண்ணி ஒரு கன்னடச் சொல் கற்றுக் கொடுத்தார். "சஹாய மாடி" என்றால் "உதவி செய்யுங்கள்" என்று அர்த்தம்.

லால்பாக்

சனிக்கிழமை வைட்ஃபீல்ட் வந்து சேர்ந்தார்கள். மறுநாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ மற்ற நாளைவிடத் தாமதமாகத் தொடங்கும். அதைக் கேட்டுக்கொண்டுதான் புறப்பட்டார்கள். அண்ணனுக்கு அன்றும் வேலை. அதனால் அவர்கள் மட்டும் போனார்கள்.

பெரியவர்களுக்கும் கதிருக்கும் டோக்கன் வாங்கினார்கள். மலர் மூன்றடி உயரம்கூட இல்லை. அவளுக்குக் கட்டணம் இல்லை. பொன்னம்மாள் நகரும் படியைப் பார்த்துப் பயந்தார். அவரை லிப்டில் அழைத்துப் போனார்கள்.

செல்வி தாளைப் பார்த்து நிலையங்களை எண்ணினாள். மெஜஸ்டிக்கில் இறங்கினார்கள். பச்சை நிறப் பலகையைப் பார்த்து நடந்தார்கள். லால்பாக் வந்துவிட்டது.

லால்பாக் பெரிய தோட்டம். 1760-இல் ஹைதர் அலி இதைத் தொடங்கினார். அவர் மகன் திப்பு சுல்தான் வளர்த்தார். 1889-இல் கட்டத் தொடங்கிய கண்ணாடி மாளிகை உள்ளே இருக்கிறது. ஒரு பெரிய பாறைக் குன்றும் இருக்கிறது. அந்தப் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். பொன்னம்மாள் பாறையைத் தொட்டுப் பார்த்தார். "எனக்கும் மூத்தது ஒண்ணு இருக்கே" என்று சிரித்தார்.

மெஜஸ்டிக்கில் நடந்தது

மாலையில் திரும்பினார்கள். மெஜஸ்டிக்கில் கூட்டம் அதிகம். ஊதாப் பாதை ரயில் வந்து நின்றது. கதிர் முதலில் ஏறிவிட்டான். செல்வி மலரைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். அதற்குள் கதவு மூடிக்கொண்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கதிர். இந்தப் பக்கம் செல்வி. குமார் கதவைப் பிடிக்கப் பாய்ந்தான்.

"கதவுல கை வைக்காதீங்க!" என்று செல்வி கத்தினாள். ரயில் போய்விட்டது.

பொன்னம்மாள் அழுதார். செல்விக்குக் கை நடுங்கியது. ஆனாலும் அவள் நகரவில்லை. பக்கத்தில் சீருடையில் ஒரு பெண் காவலர் நின்றார்.

"சஹாய மாடி! என் பையன் ரயில்ல போயிட்டான்" என்றாள்.

காவலருக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த வாக்கி டாக்கியில் அடுத்த நிலையத்துக்குச் சொன்னார். அடுத்த நிலையம் சென்ட்ரல் காலேஜ்.

சிறிது நேரத்தில் செல்வியின் போன் மணி அடித்தது.

"அம்மா, நான் இறங்கிட்டேன். இங்கேயே நிக்கிறேன்."

கதிர் விதியை மறக்கவில்லை. அடுத்த நிலையத்தில் இறங்கினான். அங்கிருந்த காவலரிடம் தாளைக் காட்டினான். அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆனால் போன் எண்ணைப் படிக்க முடிந்தது. 1, 2, 3 எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

அடுத்த ரயிலில் குடும்பம் சென்ட்ரல் காலேஜ் போய் இறங்கியது. கதிர் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றான். அம்மாவைப் பார்த்ததும்தான் அழுதான். செல்வி அவனைத் திட்டவில்லை. கட்டிக்கொண்டாள்.

"இனிமேல் பெரியவங்க ஒருத்தர் முதல்ல ஏறணும். பிள்ளைங்க நடுவுல. இன்னொரு பெரியவர் கடைசியில" என்றாள். அன்று குடும்பத்துக்கு மூன்றாவது விதி கிடைத்தது.

வீடு வந்ததும் பொன்னம்மாள் செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தத் தாளைக் கொடு" என்றார்.

செல்வி எடுத்துக் கொடுத்தாள். பொன்னம்மாள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஊருக்குப் போனதும் எனக்கும் நம்பர் எழுதக் கத்துக் கொடுக்கிறியா?"

நினைவில் வையுங்கள்

ரயில் எங்கே நிற்கும், எப்போது வரும் என்று முன்பே கேளுங்கள்.
பாதையின் நிறம், கடைசி நிலையம், எத்தனையாவது நிலையம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.
போனில் முழுச் சார்ஜ் ஏற்றுங்கள். எண்களைத் தாளிலும் எழுதுங்கள்.
பிரிந்தால் என்ன செய்வது என்று வீட்டிலேயே பேசி முடிவு செய்யுங்கள்.
அவசர உதவிக்கு 112. குழந்தைகளுக்கான உதவிக்கு 1098. பெண்களுக்கான உதவிக்கு 181.

பேசிப் பாருங்கள்

1. குமார் கதவைப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?
2. கதிர் அடுத்த நிலையத்தில் இறங்காமல் போயிருந்தால் எப்படித் தேடியிருப்பார்கள்?
3. உங்கள் குடும்பத்துக்கு என்ன விதிகள் வேண்டும்?

எழுதிப் பாருங்கள்

உங்கள் ஊரிலிருந்து உறவினர் ஊருக்குப் போகும் வழியை ஐந்து வரியில் எழுதுங்கள். கீழே இரண்டு போன் எண்களை எழுதுங்கள். அந்தத் தாளை மடித்துப் பத்திரமாக வையுங்கள்.