நூலகத்தில் எழும் கேள்விகளையும் எண்ணுவோம்

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதம் எங்கள் தலைமையாசிரியர் நூலக வழங்கல் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். "இந்த வாரம் ஒன்பது புத்தகம்தான் போயிருக்கு, டீச்சர். நூலகப் பாடவேளையைப் பத்தாம் வகுப்புக் கணக்குக்குக் கொடுத்துடலாமா?" என்று கேட்டார். அவர் மீது குறையில்லை. பதிவேடு சொன்னதைத்தான் அவரும் சொன்னார்.

ஆனால், அதே வாரத்தில் அறிவியல் கண்காட்சிக்காக எத்தனையோ குழந்தைகள் நூலகத்துக்கு வந்து என்னைச் சூழ்ந்து நின்று கேள்வி கேட்டிருந்தார்கள். புத்தகங்களை அங்கேயே விரித்துப் படித்துவிட்டு, வைத்துவிட்டுப் போனார்கள். அதற்கு எந்தச் சான்றும் என்னிடம் இல்லை. "அரையாண்டுத் தேர்வு வரைக்கும் அவகாசம் கொடுங்க, சார்" என்று மட்டும் கேட்டேன். அவரும் ஒப்புக்கொண்டார்.

வழங்கல் வேறு, துணைநிற்றல் வேறு

தேடி வருபவருக்கு உரிய தகவலைக் கண்டடைய உதவுவதை நூலகவியலில் நோக்கீட்டுப் பணி என்பார்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931-இல் வெளியான அவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது. நூல் தானாக நடந்துபோய் வாசகரைச் சேராது. இடையில் ஒருவர் துணைநிற்க வேண்டும். அந்தத் துணையைத்தான் வழங்கல் பதிவேடு காட்டுவதில்லை.

பல்கலைக்கழக நூலகங்கள் இந்த உதவியையும் கணக்கில் வைக்கின்றன. வெறும் எண்ணிக்கை போதாது என்பதால் 2003-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக நூலகத்தில் ஓர் அளவுகோல் உருவாக்கப்பட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் நூலகர் செலவிட்ட உழைப்பைப் பொறுத்து 1 முதல் 6 வரை மதிப்பிடுவார்கள். "எத்தனை மணிக்கு மூடுவீர்கள்?" என்பது 1. பல நாள் ஆழ்ந்து தேட வேண்டிய ஆய்வுக் கேள்வி 6. இரண்டையும் ஒன்றாகக் கூட்டினால் உழைப்பு மறைந்துபோகும் என்பதே இதன் அடிப்படை.

நாற்பது பக்க நோட்டு

பள்ளிக்கு ஆறு நிலைகள் தேவையில்லை. நான் மூன்றாகச் சுருக்கிக்கொண்டேன்.

நிலை 1: இருந்த இடத்திலிருந்தே விடை சொல்லிவிடலாம். "கதைப் புத்தகம் எந்த அலமாரியில இருக்கு?"

நிலை 2: ஒரு நூலை எடுத்துப் புரட்டிக் காட்ட வேண்டும். "வேலு நாச்சியாரைப் பத்தி எதுல இருக்கு?"

நிலை 3: பல நூல்களைத் தேட வேண்டும், அல்லது வெளியே கேட்டறிய வேண்டும். "எங்க ஊர் ஏரியை யார் வெட்டினாங்க?"

நோட்டில் ஐந்து கட்டங்கள்: நாள், வகுப்பு, கேள்வி, நிலை, விடை கிடைத்ததா. குழந்தையின் பெயரை எழுதுவதில்லை. சில கேள்விகள் வீட்டுச் சூழலைக் காட்டிவிடும். கேள்வியைக் குழந்தை கேட்ட சொற்களிலேயே எழுதுவேன். நாள்தோறும் எழுத நமக்கு நேரமிருக்காது. மாதத்தில் ஒரு வாரம் மட்டும் விடாமல் எழுதினால் போதும். தேர்வு வாரமும் விழா வாரமும் அந்த மாதத்தின் இயல்பைக் காட்டாது, அவற்றைத் தவிர்க்கலாம்.

நோட்டு காட்டியவை

முதல் மாதம் பெரும்பாலானவை நிலை 1 கேள்விகள். அலமாரிகளில் பெயர்ச்சீட்டு இல்லாததே காரணம் என்று அப்போதுதான் உறைத்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அட்டையில் எழுதி ஒட்டினார்கள். அடுத்த மாதம் அந்தக் கேள்விகள் வெகுவாகக் குறைந்தன. எண்ணிக்கை இறங்கியது, நூலகம் மேம்பட்டது.

அடுத்தது, மழைக்காலம். "விஷப் பாம்புன்னு எப்படி டீச்சர் கண்டுபிடிக்கிறது?" என்ற கேள்வி வெவ்வேறு வகுப்புகளிலிருந்து வந்துகொண்டே இருந்தது. விடை கிடைத்ததா என்ற கட்டத்தில் ஒவ்வொரு முறையும் "இல்லை" என்றே எழுதினேன். பிறகு இருப்புப் பதிவேட்டைப் பார்த்தால், பாம்புகள் பற்றிய படங்களுடன் கூடிய நூல் ஒன்று நம்மிடமே இருந்தது. விலை அதிகம் என்று பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தோம். வயல் வரப்பில் நடந்து பள்ளிக்கு வரும் குழந்தைகளுக்குத் தேவையான நூல் அது. வெளியே எடுத்து மேசைமீது வைத்தோம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் படங்களையும், கடித்தால் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதையும் பிள்ளைகளே வரைந்து சுவரில் ஒட்டினார்கள்.

அந்த "இல்லை"களை முன்பே யாராவது எழுதி வைத்திருந்தால், நூல் அத்தனை காலம் பூட்டிக் கிடந்திருக்காது.

ஓர் எச்சரிக்கை

இந்த எண்களை இலக்காக்கிவிடக் கூடாது. "மாதம் இத்தனை கேள்வி" என்று கேட்கத் தொடங்கினால் நோட்டு நிரம்பும், உண்மை இருக்காது. ஒரு வகுப்பை இன்னொரு வகுப்போடு ஒப்பிடவும் வேண்டாம். எந்த நூலை வாங்குவது, எதை வெளியே வைப்பது, எதைக் கற்பிப்பது என்று முடிவு செய்யவே இந்தக் கணக்கு.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் நோட்டைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். எண்களை மேலோட்டமாகப் பார்த்தவர், கேள்விகளை நின்று நிதானமாகப் படித்தார். நூலகப் பாடவேளை நிலைத்தது. விடை கிடைக்காத கேள்விகளின் பட்டியல் அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. ஏரியைப் பற்றிய கேள்விக்கு, கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு தாத்தா தமக்குத் தெரிந்ததைச் சொல்ல முன்வந்தார். பிள்ளைகள் அதைக் கேட்டு எழுதிய குறிப்பேடு இன்று எங்கள் நூலகத்தில் ஒரு நூலாக இருக்கிறது.

உங்கள் பள்ளியிலும் வரும் திங்கட்கிழமை ஒரு நோட்டில் ஐந்து கோடுகள் போட்டுத் தொடங்கிப் பாருங்கள். கடைசிக் கட்டத்தில் "இல்லை" என்று எழுத மட்டும் தயங்காதீர்கள்.